பன்னிரண்டு கட்டங்கள்

எங்கள் பள்ளித் தாளாளருக்கு ஒரு ஆங்கிலச் சொற்றொடர் மேல் அப்படி ஒரு பிரியம். மாதக் கடைசியில் நடக்கும் ஆசிரியர் கூட்டத்தில் எப்படியாவது அதை எடுத்து விட்டுவிடுவார். "எல்லாப் பிள்ளைகளும் பாஸாகணும்னா லோயஸ்ட் காமன் டினாமினேட்டருக்கு இறங்கி வந்து நடத்துங்க டீச்சர்." வகுப்பிலேயே கடைசியாக இருக்கும் பிள்ளையின் மட்டத்துக்குப் பாடத்தை இறக்கு என்று அர்த்தம். மற்றவர்கள் தலையாட்டுவார்கள். கணக்கு டீச்சரான எனக்கு மட்டும் பற்றிக்கொண்டு வரும்.

ஏனென்றால் அது தப்பு. கணக்குப் புத்தகத்தில் அதற்கு மீச்சிறு பொதுப் பகுதி என்று பெயர், அரைக்கும் மூன்றில் ஒன்றுக்கும் அது ஆறு. ஆறு இரண்டைவிடப் பெரியது, மூன்றைவிடவும் பெரியது. பன்னிரண்டை வைத்தாலும் பதினெட்டை வைத்தாலும் கணக்கு வரும், அவற்றுக்குள் சின்னது ஆறு என்பதால்தான் மீச்சிறு என்ற பெயர். இதில் யார் எங்கே இறங்கினார்கள்? இரண்டு துண்டாக வெட்டியதையும் மூன்று துண்டாக வெட்டியதையும் இன்னும் பொடியாக, ஒரே அளவில் வெட்டுகிறோம், அவ்வளவுதான். அரை என்பது ஆறில் மூன்றாகிறது, மூன்றில் ஒன்று ஆறில் இரண்டாகிறது. யாருடைய பங்கும் ஒரு கடுகளவுகூடக் குறையவில்லை. பொதுவாக்குவது என்றால் கணக்கில் இதுதான். பேச்சில் மட்டும் அதே சொல் ஏன் இப்படிக் கெட்டுப்போனது என்று நான் பல தடவை கூட்டத்திலேயே கேட்க நினைத்திருக்கிறேன். சம்பளம் கொடுக்கிறவரிடம் கேட்க முடியுமா? வாயை மூடிக்கொண்டு டீயைக் குடித்துவிட்டு வந்துவிடுவேன்.

ஆறாம் வகுப்புக்குப் பின்னம் நடத்தும்போது வருசம் தவறாமல் ஒரு தப்பு வரும். அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டச் சொன்னால், மேலே உள்ளதை மேலேயும் கீழே உள்ளதைக் கீழேயும் கூட்டி ஐந்தில் இரண்டு என்று எழுதிவிடுவார்கள். ஐந்தில் இரண்டு அரையைவிடக் குறைச்சல். அரைக் குடத்தில் இன்னும் கொஞ்சம் ஊற்றினேன், தண்ணி குறைந்துவிட்டது என்று சொல்வது மாதிரி. முன்பெல்லாம் இதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். தாளை மற்ற டீச்சர்களிடம் காட்டிச் சிரிப்பேன். கிணற்று விவகாரத்துக்குப் பிறகு சிரிப்பதை விட்டுவிட்டேன்.

எங்கள் ஊர் அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகும் பஸ்ஸில் இறங்கி உள்ளே நடக்க வேண்டிய ஊர். அங்கே எங்களுக்கு ஒரு பங்குக் கிணறு இருக்கிறது. எங்கள் தாத்தா காலத்தில் மூன்று குடும்பம் சேர்ந்து வெட்டியது. பெரியப்பா வீட்டுப் பக்கம் வெட்டுக்கூலியில் பாதியைப் போட்டார்கள், அதனால் அவர்களுக்கு அரைப் பங்கு. எங்கள் அப்பா பக்கம் மூன்றில் ஒன்று. மிச்சம் ஆறில் ஒன்று, எங்கள் தோட்டத்துக்கு மேற்கே நிலம் வைத்திருந்த ஒரு குடும்பத்துக்கு. அந்த வீட்டுக்காரரை நாங்கள் மாமா என்போம். சொந்தம் கிடையாது, முறைக்குக் கூப்பிடுவது.

தண்ணீரை அளந்து ஊற்ற முடியாது என்பதால் நாளை அளந்தார்கள். ஆறு நாள் ஒரு முறை. அதில் பெரியப்பா வீட்டுக்கு மூன்று நாள், எங்களுக்கு இரண்டு, மாமாவுக்கு ஒன்று. ராத்திரி முழுக்க ஊற்று ஊறிக் கிணற்றில் தண்ணி ஏறும். காலையில் முறைக்காரர் மோட்டாரைப் போட்டால் சாயங்காலத்துக்குள் அடிமண் தெரிந்துவிடும். மறுநாள் அடுத்த ஆள். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள்கூட இந்த ஆறை மறந்ததில்லை. பின்னம் கூட்டத் தெரியாத என் மாணவர்களைப் பார்க்கும்போது, இவர்களை ஒரு கோடையில் கிணற்று முறைக்கு அனுப்பினால் போதும் என்று நானே பெருமையாக நினைத்திருக்கிறேன். அந்தப் பெருமைக்கும் சேர்த்துத்தான் பிறகு அடி விழுந்தது.

அப்பாவுக்கு நானும் அக்காவும் மட்டும்தான். கூடப் பிறந்த ஆண்பிள்ளை கிடையாது. எனக்குக் கல்யாணமாகி டவுனுக்கு வந்துவிட்டேன். அக்கா ஊரிலேயே இருந்தாள். அவள் வீட்டுக்காரர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை, பண்டிகைக்கு வந்து போகிறவர். அப்பா போன பிறகு என் பங்கையும் அக்காவே வைத்துக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டேன். அவள் செம்மண் துண்டில் மல்லிகை போட்டாள். அந்தச் செடிகளை அவள் பார்க்கிற மாதிரி தன் மகளைக்கூடப் பார்த்தாளா என்று கேட்டால் எனக்கு அடி விழும். விடியுமுன்னே மொட்டுப் பறித்து, முதல் பஸ்ஸில் அருப்புக்கோட்டைக்குக் கொடுத்து விடுவாள். மகளைக் காலேஜுக்கு அனுப்பியதும், வீட்டுக்கு ஓடு மாற்றியதும் எல்லாம் அந்தப் பூதான். மல்லிகைக்கு வேண்டியது அந்த இரண்டு நாள் தண்ணி. அது இருந்தால் கோடையில் செடி தப்பும், பூ வரும். அக்காவின் பிழைப்பு அதில் நின்றது.

பெரியப்பா போய்ச் சேர்ந்ததும் வினை ஆரம்பித்தது. அவருக்கு இரண்டு மகன்கள், எங்களுக்கு அண்ணன்மார்கள். பதினாறாம் நாள் முடிந்த கையோடு நிலத்தைப் பிரித்துக்கொண்டார்கள். நிலத்தைப் பிரிக்கலாம், நடுவில் ஒரு வரப்புப் போட்டால் தீர்ந்தது. மூன்று நாள் தண்ணியை இரண்டு பேருக்கு எப்படிப் பிரிப்பது? பெரியவருக்கு ஒரு நாள், சின்னவருக்கு ஒரு நாள். நடு நாளை மத்தியானத்தோடு பாதியாக வெட்டினார்கள்.

இதைவிட மடத்தனம் இருக்க முடியாது. ராத்திரி ஊறிய தண்ணி காலையில் முழுசாக நிற்கும். காலைப் பாதியை எடுத்த பெரிய அண்ணன் அதை உறிஞ்சிவிட்டுப் போனார். மத்தியானம் மோட்டாரைப் போட்ட சின்ன அண்ணனுக்குச் சேறும் காற்றும் வந்தது. நேரம் பாதி, தண்ணி பாதியில்லை. அடுத்த முறை சின்னவர் காலையிலேயே வந்து ஸ்டார்ட்டர் பெட்டிக்குப் பூட்டுப் போட்டார். பெரியவர் பூட்டை உடைத்தார். "ஏலே, எங்கப்பன் கெணத்துல எனக்கே பூட்டா?" என்று ஒருவர், "எனக்கும் அவருதான்லே அப்பன்" என்று இன்னொருவர். அதற்குப் பிறகு இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. ஒரே சந்தில் வீடு, எதிர்ப்பட்டால் ஒருவர் ஆகாயத்தைப் பார்ப்பார், ஒருவர் செருப்பைப் பார்ப்பார்.

இந்தச் சமயத்தில்தான் மாமா உள்ளே வந்தார். அண்ணன்மார் சண்டையில் எந்தப் பக்கமும் சேராத மனிதர் என்று ஊரில் அவருக்குப் பெயர். பொதுவான ஆள். அவர் ஒருநாள் மோட்டார் ரூம் வாசலில் எல்லாரையும் உட்கார வைத்து ஒரு வழி சொன்னார். நாலு பேர், நாலு நாள், ஆளுக்கு ஒரு நாள். அரைப் பங்கு, கால் பங்கு என்ற பேச்சே வேண்டாம். பொதுவாகப் போய்விடலாம்.

எல்லாரும் சரி என்றார்கள். அக்காவும் சரி என்றாள். அன்றைக்கே போன் போட்டு எனக்குச் சொன்னாள். குரலில் சந்தோசம்.

"சண்டை தீந்துச்சுடி. இனிமே நாலு நாளைக்கு ஒருக்க நம்ம மொறை வந்துரும். முன்னாடின்னா ஆறு நாளு காத்துக் கெடக்கணும்."

நான் அப்போது வீட்டில் இட்லிக்கு மாவு ஊற்றிக்கொண்டிருந்தேன். கேட்டதும் எனக்கும் நல்லதாகத்தான் பட்டது. ஆறு நாளைக்கு இரண்டு, நாலு நாளைக்கு ஒன்று. எது கூட, எது குறைச்சல்? வெறுமனே கேட்டால் தெரியாது. இரண்டும் வேறு வேறு அளவுத் துண்டு. ஒப்பிட வேண்டுமானால் இரண்டையும் ஒரே பகுதிக்குக் கொண்டுவர வேண்டும். ஆறுக்கும் நாலுக்கும் பொது பன்னிரண்டு. பழைய முறையில் பன்னிரண்டு நாளில் அக்காவுக்கு நாலு நாள். புது முறையில் மூன்று. போனைக் கையில் வைத்துக்கொண்டே மிச்சத்தையும் போட்டுப் பார்த்தேன். அண்ணன்மார் இருவருக்கும் சேர்த்துப் பன்னிரண்டில் ஆறு, ஆளுக்கு மூன்று. புது முறையிலும் அதே மூன்று. அவர்களுக்கு ஒரு சொட்டு நட்டமில்லை. மாமாவுக்குப் பழைய கணக்கில் இரண்டு, புதுக் கணக்கில் மூன்று.

அக்காவின் ஒரு நாள் வரப்பைத் தாண்டி மாமா தோட்டத்தில் இறங்கியிருந்தது. எல்லாருக்கும் பொதுவான ஒரு முடிவில் ஒருத்திக்கு மட்டும் நட்டம், அந்த முடிவைச் சொன்ன பொதுவான ஆளுக்கு மட்டும் லாபம். அவள் அதற்குத்தான் சந்தோசமாகப் போன் போட்டிருக்கிறாள். இட்லி வேகிற வரைக்கும் எனக்குப் பொறுக்கவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமையே ஊருக்குப் போனேன்.

போகும்போது என்னிடம் தீர்வும் இருந்தது. சொல்லப்போனால் தீர்வு என்று பெரிய பெயர் வைக்கக்கூட வெட்கமாக இருக்கிறது, அவ்வளவு எளிது. பழைய ஆறு நாள் முறை அப்படியே இருக்கட்டும். பெரியப்பா வீட்டு மூன்று நாளில் இந்த முறை ஒரு அண்ணன் இரண்டு நாள் எடுக்கட்டும், மற்றவர் ஒரு நாள். அடுத்த முறை மாற்றிக்கொள்ளட்டும். எந்த நாளையும் மத்தியானத்தில் வெட்ட வேண்டியதில்லை. பன்னிரண்டு நாளில் எல்லாருக்கும் அவரவர் பங்கு நயாபைசா பிசகாமல் வந்துவிடும். அக்காவின் தண்ணி அவளுக்கு, மாமாவின் தண்ணி அவருக்கு.

மோட்டார் ரூமில் நாலு பேரையும் வரவைத்தேன். கைப்பையில் எப்போதும் இரண்டு சாக்பீஸ் கிடக்கும், வாத்தியார் வேலையின் சாபம். சுவரில் பன்னிரண்டு கட்டம் போட்டேன். மேல் வரிசையில் ஆறு, கீழ் வரிசையில் ஆறு. யார் யாருக்கு எந்தக் கட்டம் என்று எழுதினேன். பக்கத்தில் புது முறைக்கும் பன்னிரண்டு கட்டம் போட்டு, அக்காவிடமிருந்து போன அந்த ஒரு கட்டத்தைச் சுற்றி வட்டம் போட்டேன். வகுப்பில்கூட நான் அவ்வளவு நிதானமாக நடத்தியதில்லை.

முதலில் மாமாதான் பேசினார். "எனக்கு ஒரு நாளு கூட வருதாக்கும். மெய்யாவே நான் கணக்குப் பாக்கல டீச்சரம்மா. சண்டை தீரட்டும்னு சொன்னது."

அவர் முகத்தையே பார்த்தேன். பொய் சொல்கிற முகமாக இல்லை. அதனால் என் கோபம் குறைந்ததா என்றால் இல்லை. கணக்குப் பார்க்காமலேயே லாபம் வருகிறவர்களைப் பார்த்தால் எனக்கு இன்னும் கொஞ்சம் எரிச்சல்தான் வரும்.

"சரி மாமா, இப்பப் பாத்தாச்சுல்ல. மாத்திக்கிருவோம்" என்றேன்.

அவர் தாடையைத் தடவினார். "எனக்கொண்ணும் இல்லத்தா. அண்ணன்மாரு ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டா எனக்கென்ன."

சின்ன அண்ணன் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குக் கணக்கு புரிந்துவிட்டது, நன்றாகத் தெரிந்தது. பிறகு மெதுவாகக் கேட்டார். "மொத மொறையில ரெண்டு நாளு யாருக்கு?"

"யாருக்கு வேணும்னாலும் இருக்கட்டுண்ணே. அடுத்த மொறை மத்தவுகளுக்கு வந்துரும்."

"அவுகளுக்கு மொதல்ல ரெண்டு போயி, அப்புறம் நான் வாங்கிக்கிறணுமாக்கும்."

பெரிய அண்ணன் கதவு நிலையில் சாய்ந்து நின்றவர், என்னைப் பார்த்துத்தான் சொன்னார், தம்பியைப் பார்க்கவில்லை. "மூத்தவனுக்கு ஒண்ணு, எளையவனுக்கு ரெண்டுன்னு ஆரம்பிச்சா ஊருல என்ன பேசுவாக?"

"சீட்டுக் குலுக்கிப் போடுவோம்" என்றேன்.

"யாரு குலுக்கறது? அவுக குலுக்குனா நான் எடுக்க மாட்டேன்" என்றார் சின்னவர்.

என் கையில் சாக்பீஸ் உடைந்தது. ஆறே ஆறு நாள் யார் முந்தி என்பதுதான் பிரச்சினை. பன்னிரண்டாம் நாள் முடியும்போது இருவரும் சமம். அதுவரைக்கும் பொறுக்க இருவருக்கும் மனசில்லை. அவர்கள் மூன்று நாளும் அடுத்தடுத்து வருவதால் ஒருவரிடமிருந்து ஒருவர் சாவி வாங்க வேண்டும், அதற்கு ஒரு வார்த்தை பேச வேண்டும். ஆளுக்கு ஒரு நாள் என்றால் நடுவில் மாமாவையும் அக்காவையும் போட்டுக்கொள்ளலாம், சாவி கைமாறும்போது ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டாம். இரண்டு ஆம்பிளைகள் பேசிக்கொள்ளாமல் இருக்கும் வசதிக்கு என் அக்காவின் தண்ணி போகிறது. இதை நான் அங்கேயே, அப்படியே சொன்னேன்.

பெரிய அண்ணனுக்கு முகம் சிவந்தது. "நீ டவுனுக்குப் போனவ. உன் கணக்கப் பள்ளிக்கூடத்தோட வச்சுக்கத்தா. உங்கக்கா வாயத் தொறந்து கேக்கட்டும், நான் பதில் சொல்றேன்."

எல்லாரும் அக்காவைப் பார்த்தோம். அவள் வாசலை ஒட்டிய வேப்பமர நிழலில் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு நின்றாள். திறந்த கதவு வழியாகச் சுவரை ஒரு தடவை பார்த்தாள். வட்டம் போட்ட கட்டத்தை அவள் பார்த்ததை நான் பார்த்தேன்.

"இருக்கட்டுண்ணே. பொதுவாப் பேசுனது பேசுனதாவே இருக்கட்டும்" என்றாள்.

மாமா பெருமூச்சு விட்டார். அண்ணன்மார் ஆளுக்கு ஒரு திசையில் நடந்தார்கள். நான் கையில் சாக்பீஸ் தூளோடு, ஏதோ பரீட்சையில் தோற்றவள் மாதிரி நின்றேன்.

வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் அவளைத் திட்டிக்கொண்டே வந்தேன். உனக்கு அறிவிருக்கா, வாய் இல்லையா, உன் செடிக்குத் தண்ணி இல்லைன்னா அவுக வீட்டுப் பானையிலிருந்தா ஊத்தப் போறாக என்று. வீட்டுக்கு வந்ததும் அவள் எனக்குச் செம்பில் தண்ணி கொடுத்துவிட்டுச் சொன்னாள்.

"பிள்ளைக்கு இது கடைசி வருசம். படிப்பு முடிஞ்சா மாப்பிள்ளை பாக்கணும். நமக்குக் கூடப்பொறந்தவன் யாருடி இருக்கா? தாய்மாமனா மேடையில வந்து நிக்க இவுக ரெண்டு பேரு தானே. இப்ப நான் ஒரு பக்கம் பேசுனா, நாளைக்கு ஒருத்தரு வருவாரு, ஒருத்தரு வர மாட்டாரு. சீர் தட்டு ஒரு பக்கம் காலியாக் கெடக்கும். சம்பந்தக்காரவுக கேட்டா என்ன சொல்லுவேன்?"

"அதுக்காகத் தண்ணியைக் குடுப்பியா?"

"ஒரு நாளு தண்ணி. என்ன கொறஞ்சு போச்சு?"

"நாலுல ஒண்ணு கொறஞ்சு போச்சு" என்றேன்.

அவள் என்னை முறைத்துவிட்டு அடுப்பைப் பற்ற வைக்கப் போனாள். நான் சாப்பிடாமல் பஸ் ஏறினேன். பஸ்ஸில் பசி எடுத்ததும் அதற்கும் சேர்த்து அவள் மேல்தான் கோபம் வந்தது.

அந்தக் கோடையில் நான் போட்ட கணக்கே குறைச்சல் என்று தெரிந்தது. அக்காவின் துண்டு கிணற்றுக்குத் தூரம், மண் வாய்க்கால். முன்பு இரண்டு நாள் தொடர்ந்து ஓடும்போது, முதல் நாள் வாய்க்கால் குடித்தது போக, இரண்டாம் நாள் ஈர வாய்க்காலில் தண்ணி வழுக்கிக்கொண்டு போய்ச் சேரும். இப்போது ஒரே நாள். ஒவ்வொரு முறையும் காய்ந்த வாய்க்கால் முதலில் தன் வயிற்றை நிரப்பிக்கொண்டுதான் விடுகிறது. கணக்கில் துண்டை எவ்வளவு பொடியாக வெட்டினாலும் வெட்டுகிற கத்தியில் எதுவும் ஒட்டாது. இங்கே ஒட்டுகிறது. எனக்கு இது தெரியாமல் இல்லை, அந்த வாய்க்காலில் மடை திருப்பித்தான் வளர்ந்தேன். இருந்தும் கணக்கில் சேர்க்க மறந்துவிட்டேன். அதற்கு யார் மேல் கோபப்படுவது என்று தெரியாமல், வகுப்பில் நோட்டுக் கொண்டுவராத பிள்ளைகளை அன்றைக்கு வெளியே நிறுத்தினேன்.

பங்குனிக் கடைசியில் போனபோது, கடைசி வரிசைச் செடிகள் குச்சியாக நின்றன. எல்லாச் செடிக்கும் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி எல்லாவற்றையும் வாட விடுவதற்குப் பதில், ஓரத்து வரிசைகளுக்கு மடையே திறக்காமல் விட்டிருக்கிறாள். எதைக் காய விடுவது என்று அவளே பார்த்து ஒதுக்கியிருக்கிறாள். நான் போன அன்று அந்தக் குச்சிகளைப் பிடுங்கி அடுப்புக்குக் கட்டிக்கொண்டிருந்தாள். சில வேர்களில் இன்னும் பச்சை இருந்தது. தோட்டத்தை நடந்து பார்த்தேன். பிடுங்கியது நாலில் ஒன்றுக்கு மேலேயே இருக்கும். வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன் என்று பயந்து, நானும் குனிந்து பிடுங்கினேன்.

அதற்குப் பிறகும் நான் சும்மா இருக்கவில்லை. அண்ணன்மார் இருவருக்கும் தனித்தனியே போன் போட்டேன். தனியாகப் பேசினால் இருவருமே தங்கமான மனிதர்கள். "நீ சொல்றது நூத்துக்கு நூறு சரித்தா, அவுகள ஒத்துக்கச் சொல்லு" என்பார் ஒருவர். "எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்ல, அவனக் கேளு" என்பார் மற்றவர். மாமாவோ எப்போதும் போல, "ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டா எனக்கென்ன" என்பார். மூன்று பேரும் சரி என்கிறார்கள், மூன்றையும் கூட்டினால் ஒன்றுமில்லை என்று வருகிறது. மேலே உள்ளதை மேலேயும் கீழே உள்ளதைக் கீழேயும் கூட்டும் என் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் இவர்களைவிட எவ்வளவோ மேல். அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தால் மறுநாள் திருத்திக்கொள்கிறார்கள்.

மோட்டார் ரூம் சுவரில் என் கட்டங்கள் ரொம்ப நாள் இருந்தன. அடுத்த தடவை பார்த்தபோது அதன் மேல் யாரோ மோட்டார் மெக்கானிக்கின் போன் நம்பரைக் கரியால் எழுதியிருந்தார்கள். அதற்கு அடுத்த தடவை அந்த இடத்தில் ஆணி அடித்துச் சட்டை தொங்கிக்கொண்டிருந்தது.

நான் சுவரில் கட்டம் போட்டு ஒன்றரை வருசம் கழித்து, வைகாசியில் அக்கா மகளுக்குக் கல்யாணம் கூடியது. அருப்புக்கோட்டையில் மண்டபம். மாப்பிள்ளை வீடு பாலவனத்தம் பக்கம், நல்ல மனிதர்கள். கல்யாணத்துக்கு முந்தின வாரம் அக்கா என்னிடம் பூவுக்குச் சொல்லி வைக்கச் சொன்னாள்.

"பூவா? நீயா பூவு விலைக்கு வாங்கப் போற?"

"நம்மளுது பத்தாதுடி. இருக்குற செடியில மணவறைக்கே காணாது. வந்தவுகளுக்குக் குடுக்கணும்ல."

மல்லிகை வைத்து மகளை வளர்த்தவள் மகள் கல்யாணத்துக்குப் பூ வாங்குகிறாள். கடைக்காரரிடம் போய்ச் சொல்லி வைத்தேன், அவர் கேட்ட விலைக்கு நான் பேரம்கூடப் பேசவில்லை என்று என் வீட்டுக்காரர் ஆச்சரியப்பட்டார்.

கல்யாணத்தன்று இரண்டு அண்ணன்மாரும் வந்தார்கள். அதைச் சொல்லத்தான் வேண்டும். ஆளுக்கொரு வேனில், ஆளுக்கொரு மேளத்தோடு, ஆளுக்கொரு வரிசை சீர் தட்டோடு வந்தார்கள். பெண்ணுக்கு இரண்டு பக்கமும் இரண்டு தாய்மாமன்மார் நின்றார்கள். ஒருவர் இடது பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார், ஒருவர் வலது பக்கம். போட்டோகிராபர், "தாய்மாமா ரெண்டு பேரும் கொஞ்சம் உள்ள வாங்க" என்று கெஞ்சிக்கொண்டிருந்தான். அக்கா கீழே நின்று அந்த மேடையைப் பார்த்தாள். அவள் முகத்தில் இருந்த நிறைவைப் பார்த்ததும் எனக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது. இதற்காகத்தான் அவள் கொடுத்தாள், கொடுத்ததற்கு வந்துவிட்டது. என் கணக்கில் அது இன்னமும் ஒத்துவரவில்லை.

இதெல்லாம் நடப்பதற்கு முன்னால், விடிந்தும் விடியாததுமாக, மண்டபத்துச் சமையல்கட்டு வாசலில் நான் கடைக்காரருக்காகக் காத்திருந்தபோது மாமா வந்தார். பைக்கின் பின்னால் பெரிய கூடை, மேலே ஈரத்துணி. இறக்கி வைத்துத் துணியை விலக்கினார். முழுக்க மொட்டு மல்லிகை, அப்போது பறித்தது.

"கடையில வாங்கிறாதீங்க டீச்சரம்மா. சொல்லி வச்சிருந்தா வேணாம்னு சொல்லிருங்க. நம்ம கெணத்துப் பூவு இருக்கும்போது கடைப்பூவு எதுக்கு?"

"நீங்க மல்லி எப்ப மாமா போட்டீக?"

"தண்ணி கொஞ்சம் தாராளமா வந்துச்சுல்ல. போன வருசந்தான் வச்சேன். இந்தக் கோடையில நல்லா எடுத்துக்கிருச்சு." அவர் முகத்தில் ஒரு கள்ளமும் இல்லை, சந்தோசம்தான் இருந்தது. "காசு கீசுன்னு பேசிறாதீக. நம்ம வீட்டுப் பிள்ளை கல்யாணம். வார பொம்பளையாளுக எல்லாருக்கும் பொதுவாக் குடுங்க."

அந்தக் கூடையைத் தூக்கி ரோட்டில் கொட்டலாமா என்று ஒரு நிமிசம் நிஜமாகவே நினைத்தேன். அதற்குள் அக்கா வந்துவிட்டாள். கூடையைப் பார்த்ததும் கையைக் கூப்பினாள். "எதுக்கு மாமா இவ்வளவு" என்று அவள் சொல்ல, அவர் "இருக்கட்டுத்தா" என்று சொல்ல, சமையல்கட்டுப் பெண்கள் நாலைந்து பேர் உட்கார்ந்து பூக்கட்ட ஆரம்பித்தார்கள். அக்காவும் உட்கார்ந்தாள். கல்யாணப் பெண்ணுக்குத் தாய் அவள், அவளுக்கு ஆயிரம் வேலை. ஆனாலும் உட்கார்ந்தாள். மொட்டை எடுத்து, புரட்டிப் பார்த்து, காம்போடு காம்பு சேர்த்து, அவளுக்கே உரிய வேகத்தில் கட்டினாள்.

கொஞ்ச நேரத்தில் ஒரு நீளத்தை அறுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"எனக்கு வேண்டாம்" என்றேன்.

"திரும்பு."

"வேண்டாம்னு சொன்னேன்ல."

சின்ன வயதில் சடை போடும்போது செய்கிற மாதிரி என் தோளைப் பிடித்துத் திருப்பினாள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கொண்டை ஊசியை வாயில் கடித்துக்கொண்டு பூவை வைத்தாள், ஊசியைச் செருகினாள். பிறகு, பக்கத்தில் யாருக்கும் கேட்காமல், என் காதருகே சொன்னாள்.

"வச்சுக்கடி. நம்ம ஒரு நாளு தண்ணிதான இது."